மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்



இந்தப் பழமொழியைச் சொல்லி, பாரத்தைக் கடவுள் மேல் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். வரலாறு படித்தவன் என்ற முறையில் நான் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். 2,200 ஆண்டுகளுக்கும் முன்னர் சாலையோரம் ஆலமரம் நட்டதைத் தூணில் பொறித்த அசோகர், கிணறு வெட்டியதையும் சேர்த்தே பொறித்தார். 1689-இல் மதுரையில் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாளும் சாலை, நிழல்மரம், சத்திரம், கிணறு என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே கவனித்தார். மரம் வைத்தவர்கள் தண்ணீருக்கும் வழி செய்தார்கள்.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாசி, பங்குனியில் கன்றுக்கு நாம்தான் மழை. வேர் பிடித்த கன்றுக்குத் தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலாகவே படர்ந்து, வெயிலில் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை நாலைந்து குடம் நிதானமா ஊத்தணும். அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். தண்டை ஒட்டி ஊற்றாமல், சற்றுத் தள்ளி வட்டப்பாத்தி கட்டிச் சருகால் மூடுங்கள். பக்கத்தில் மண்பானையைப் புதைத்து நிரப்பினாலும் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும்.

இந்தச் சந்திப்பில் நாம் நடும் கன்றுகளின் பலகையில், நட்டவர் பெயரோடு தண்ணி ஊத்துற மாணவர் பெயரும் இருக்கட்டும்!