படிப்பு ஏறாதவர்கள்

கொங்குச் சீமையில் ‘படிப்பு ஏறலீங்க’ என்பது ஒரு தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. பையன் லேத் பட்டறைக்கோ விசைத்தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுவான். தொழில் பெருத்த ஊரில் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

போதாததற்கு ஜி. டி. நாயுடுவின் கதை வேறு. 1893-இல் கலங்கலில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, 1920-இல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் பஸ் ஓட்டியவர். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமானவர். அவருக்கு எழுத்துக் குறை இருந்ததென்று நான் சொல்லவில்லை. அந்த ஒருவரைக் காட்டியே பட்டறைகளில் கரைந்துபோன மற்றவர்களை மறக்கிறோம் என்கிறேன்.

நாயுடுவுக்கு மூன்று வயதான 1896-இல், இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கு வந்தது, எழுத்து பிடிபடவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றார் அவன் ஆசிரியர். இங்கே 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில்கூட இக்குறைக்கு இடமில்லை. 2016 சட்டத்தில்தான் இடம் கிடைத்தது. 120 வருஷங்கள்.

இடையில், ல ள ழ குழம்பியதற்காக அடி வாங்கியவன், வாசிக்கச் சொல்வார்களே என்று பயந்து வகுப்பில் கலாட்டா செய்தான். போக்கிரி என்று பெயர் வைத்தோம். மில்களின் சரித்திரத்தில் அவன் இல்லை. அவனாலும் எழுதமுடியாது. நமக்கு எழுத்து வந்தது தற்செயல். அவனைப் பற்றி எழுதாமல் இருப்பது தற்செயல் ஆகாது.