உளவளச் சிகிச்சையில் கட்டண முன்மதிப்பீட்டு உரிமை (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் காப்பீடு இல்லாதோரும், காப்பீட்டைப் பயன்படுத்தாமல் தாமே பணம் செலுத்துவோரும் சிகிச்சைக்கு முன்பே அதன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறும் உரிமை 2022 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்வுரிமையை அளிக்கும் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டத்தில் அதிபர் டொனால்ட் டிரம்ப் 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்திட்டார்.

இச்சட்டம் உளவளத்துறையை எண்ணி எழுந்ததன்று. அவசரப் பிரிவில் சேர்ந்தோருக்கு, அவர்களது காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இல்லாத மருத்துவர்களிடமிருந்து பின்னர் வந்த பெருந்தொகைப் பில்களே இதற்குத் தூண்டுதல். ஆனால் அந்நாட்டில் உளவளச் சிகிச்சையாளர் பலர் காப்பீட்டை ஏற்பதில்லை. அமர்வுக்கு இவ்வளவு என நேரடியாகவே கட்டணம் பெறுகின்றனர். எனவே ஒற்றை அறையில் தனியாகத் தொழில் செய்பவரும் இவ்விதிக்குள் வந்தார்.

சந்திப்பு மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே குறிக்கப்பட்டால் ஒரு வேலை நாளுக்குள்ளும், பத்து வேலை நாட்களுக்கு முன்னர் எனில் மூன்று வேலை நாட்களுக்குள்ளும் மதிப்பீடு தரப்பட வேண்டும். வாரந்தோறும் தொடரும் சிகிச்சைக்கு ஒரே மதிப்பீடு 12 மாதங்கள் வரை பொருந்தும்.

சிக்கல் இங்குதான். இன்னும் நேரில் காணாதவருக்கு என்ன பாதிப்பு, எத்தனை அமர்வுகள் தேவை என்பதை எப்படிக் கூறுவது? சிகிச்சையாளர்களின் இத்தயக்கம் நியாயமானதே. ஆயினும் மதிப்பீடு ஒப்பந்தம் அன்று. நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பில் தொகை மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாட்களுக்குள் 25 டாலர் கட்டணம் செலுத்தி முறையிடலாம்.

காப்பீட்டைப் பயன்படுத்துவோருக்கும் முன்மதிப்பீட்டை இச்சட்டம் கூறுகிறது. அப்பகுதியின் அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டது.