பூட்டு நம் வினை, சாவி கடல் தாண்டிய பெயர்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன இவ்வூர்ப் பட்டறைகள் பூட்டோடு சேர்த்துத் தரும் சாவி, சொல்லளவில் போர்த்துகீசியச் சரக்கு. அம்மொழியில் இன்று ‘ஷாவி’ என ஒலிக்கும் சொல்லுக்குப் பழைய நாளில் வல்லோசைச் சகரம் முதலாக இருந்தது. இந்தியின் ‘சாபி’யில் அவ்வோசை இன்றும் நிற்கிறது. பெயர் வந்த கப்பலில் வினை வரவில்லை. ஏன்?

ஆங்கிலத்தின் ‘லாக்’ பெயருமாகும், வினையுமாகும். கதவைச் சாத்திப் பூட்டினாலும், வண்டிச் சக்கரம் இறுகி நின்றாலும், கைப்பேசித் திரையை முடக்கினாலும் அந்த ஒரே வினைதான். போர்த்துகீசியம் இவற்றைப் பங்கிட்டுக்கொள்கிறது. ‘திராங்கா’ கதவின் குறுக்கே இடும் கணையமரம். அதிலிருந்து கதவடைப்பதற்குத் ‘திராங்கார்’. சாவியிட்டதை வற்புறுத்த ‘சாவியால் மூடு’ என்று பொருள்படும் தொடர். சக்கரத்துக்குத் ‘திரவார்’, திரைக்குப் ‘புளோக்கியார்’.

திராங்காருக்கு நம் ‘தாழிடு’ நேர் இணை. ‘பூட்டு’ வேறு குடி. உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு. அவ்வாறே பூண் என்பதன் பிறவினை பூட்டு. ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். செய்யுளின் இறுதிச் சொல்லை முதற்சொல்லோடு கூட்டிப் பொருள் காண்பதை நன்னூலார் பூட்டுவிற் பொருள்கோள் என்றார். அடைப்பதல்ல, இணைப்பதே இவ்வினையின் உயிர். வளையத்தின் முனை பூட்டின் உடலுக்குள் சென்று மாட்டிக்கொள்வதும் இணைப்புத்தானே!

மதுரை மிஷனில் பணியாற்றிய அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி, அவர் 1666இல் மறைந்த பின், 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் அதன் நிழற்படப் பதிப்பு வந்தது. அகராதியில் இரு மொழியின் வினைகளும் எதிரெதிர் நிற்கலாம். பேச்சில் கலந்தவை பெரும்பாலும் பெயர்களே. மேசை, அலமாரி, ஜன்னல், ஏலம் எல்லாம் அப்படி வந்தவை.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. காலம் காட்டும் இடைநிலையையும் இடம் காட்டும் விகுதியையும் ஏற்காத சொல் தமிழில் பொதுவாக வினையாகாது. பெயருக்கு அந்தத் தடை இல்லை. வேற்றுமை உருபை ஏற்றால் போதும். எனவே ஏலத்தை வாங்கி ‘விடு’, ‘எடு’ என்று நம் வினையைச் சேர்த்தோம். சாவியை வாங்கிக் கடிகாரத்துக்குச் சாவி ‘கொடுத்தோம்’. திறவுகோல் பெரும்பாலும் ஏட்டுக்கு ஒதுங்கியது. திறத்தலும் பூட்டுதலும் பேச்சில் நிலைத்தன. கடன்பெயர் எத்தனை வந்தாலும் அவற்றைத் தமிழாக்குவது தமிழ் வினையே.