பெட்டியடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் சிற்பக் கதவுகளுமே முதலில் கண்ணைப் பறிக்கும். அவற்றின் நடுவே, முழங்கால் உயரம்கூட இல்லாமல், மேற்பலகை முன்பக்கம் சற்றே சரிந்த பெட்டி ஒன்று கிடக்கும். மடிக்கணினி வைக்கத் தோதானது என்று சொல்லி விற்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரு காலத்தில் அதுவே ஒரு வங்கி.

இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் நகரங்களுக்குக் கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார் கிட்டங்கிகளில் தொழில் நடத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கி என்பது நீண்ட கூடம். நடுவே நடைபாதை, இருபுறமும் தரையில் வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி, உட்காரப் பாய். ஒரு நிறுவனம் முழுவதும் அவ்வளவுதான். இரவில் அதே இடத்தில் படுக்கை. நாற்காலிக்கு அங்கே வேலையே இல்லை.

தச்சரின் திறமை அளவில் தெரிகிறது. சம்மணமிட்டவரின் மடிக்கு நேராக மேற்பலகை வருகிறது. சரிவு, பேரேட்டில் எழுதும் முன்கையைத் தாங்குகிறது. பலகையைத் தூக்கினால் நாணயத்துக்கும் எழுதுபொருளுக்கும் கடன் பத்திரத்துக்கும் தனித்தனி அறைகள். ஊரிலுள்ள வீட்டின் நிலைக்கதவில் கஜலட்சுமியும் கொடிகளும் நெருக்கியடிக்க, அந்த வீட்டுக்குப் பொருள் ஈட்டித் தந்த பெட்டியில் செதுக்கல் அநேகமாக இல்லை. கடன் கேட்டு வருபவர்முன் செல்வத்தைக் காட்டுவதைவிட ஒழுங்கைக் காட்டுவதே தொழிலுக்கு உகந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியைச் சுற்றிய இடத்துக்குப் 'பெட்டியடி' என்று பெயர். அங்கே மேலாள், அடுத்தாள், இருவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வழியாகச் செட்டித் தெருக்களை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. எடுபிடி வேலையும் வசூலும் பார்த்துக் கணக்கு கற்ற அந்தப் பையன், எந்தப் பெட்டியின் பெயரால் அழைக்கப்பட்டானோ அதன் பின்னால் அமர ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும்.

கடன் வாங்குபவரும் அதே தரையில்தான் அமர்ந்தார். இருவரும் ஒரே உயரம், இடையில் பெட்டி. இதைச் சமத்துவம் என்று வியந்துவிட முடியாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கீழ்ப் பர்மா உழவர்களின் நிலங்கள் கடனுக்காகக் கைமாறின. 1938இல் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் வசம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை இரங்கூனை நெருங்க, பெட்டியையும் பேரேட்டையும் விட்டு அவர்களும் ஓட நேர்ந்தது.

கடையில் பார்த்த பெட்டியின் முன்விளிம்பு, கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. சாவி கேட்டேன். தொலைந்துவிட்டதாம்; வேண்டுமானால் பூட்டையே கழற்றித் தருகிறார்களாம்.