தோல் தூய்மையானது, தண்ணீர்?



சாணார்பட்டி வட்டாரத்து இல்லங்களில் நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரங்களைப் புளியால் துலக்கினர். எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலால் போக்கினர். புளியில் இருப்பது அமிலம். சாம்பலில் இருப்பது காரம். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் ‘அல்கலீ’ என்றனர். நீரில் கரையும் காரத்தைக் குறிக்கும் ‘ஆல்கலி’ என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த அறிஞர் அர்ராஸீ, அச்சாம்பலுடன் சுண்ணாம்பைச் சேர்த்து வீரியமான காரநீர் ஆக்கும் முறையை எழுதி வைத்தார்.

அதே சுண்ணாம்புதான் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு உணவளித்தது. கெடாதிருக்க உப்பிட்ட தோலை முதலில் அலசுவர். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்தால் மயிர் கழன்றுவிடும். எஞ்சிய காரத்தை நீக்கியபின், பழைய முறையில் ஆவாரம்பட்டையின் துவர்ப்புச்சாறு தோலைப் பதப்படுத்தும். குரோம் முறையிலோ, அதற்கு முன்பாக உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பர்.

இறந்துபோன ஓர் ஆட்டைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். ஆகவே இது மார்க்கம் அனுமதித்த கண்ணியமான தொழில்.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றன் வீரியத்தை மற்றொன்று தணிக்கும்; ஆனால் அங்கே நீருடன் உப்பும் உண்டாகும். எனவே கழிவுநீரின் காரத்தை அமிலத்தால் சமன்செய்தாலும், கரைந்த உப்பு அகலாது. தோலை அலசிய உப்பும் அதனுடன் சேர்ந்து நிலத்தடி நீரில் இறங்கியது, கிணறுகள் உவர்த்தன, உழவர் துயருற்றனர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட 5 மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிப்பதையும் கட்டாயமாக்கியது.

நாம் மதரஸாவில் ஓதும் ஃபிக்ஹு நூல்களில் தண்ணீரின் சட்டமும் பதனிட்ட தோலின் சட்டமும் ‘தஹாரத்’ என்னும் ஒரே பாடத்தில், அடுத்தடுத்து வருகின்றன. தோலைத் தூய்மையாக்கும் அறிவைப் பெற்ற நாம், அண்டை வீட்டாரின் கிணற்றை அசுத்தமாக்கினால் அப்பாடத்தில் பாதியைத்தான் ஓதியிருக்கிறோம். மீதியையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.