ஒரு கோழியும் அரை நூற்றாண்டும்



அறிவியல் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, கோழிக்கும் புற்றுநோய் வருமா?" என்று வினவினாள். அவள் வீட்டில் கம்போங் கோழிகள் வளர்க்கிறார்கள். அன்று நான் சொன்ன கதையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தசை, கொழுப்பு, குருதிக் குழாய் போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோயைச் சார்கோமா என்பர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதன் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். நோயாளிகளே அரிதென்றால், நோயின் தொடக்கத்தை எவரிடம் கண்டறிவது?

1909-ஆம் ஆண்டு, நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்திற்கு மார்பில் பெரிய கட்டியுடன் ஒரு பிளிமத் ராக் இனக் கோழி வந்து சேர்ந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் பெய்டன் ரவுஸ் அக்கட்டியின் துண்டுகளை அதன் உறவுக் கோழிகளின் உடலில் பதித்தார், கட்டி வளர்ந்தது. வேற்றுக் கோழிகளில் தொடக்கத்தில் வளரவில்லை. பின்னர் கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை மட்டும் செலுத்தினார். அப்போதும் புற்றுநோய் உண்டாயிற்று! காரணம் ஒரு நச்சுயிரி. 1911-இல் இதனை அவர் வெளியிட்டபோது அறிஞருலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கோழிக்கு வருவது மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்டனர். எலிகளிலும் இதுபோன்ற நச்சுயிரியைத் தேடிக் காணாத ரவுஸ், சில ஆண்டுகளில் அவ்வாய்வைக் கைவிட்டார். நோபல் பரிசு 1966-இல், 87-ஆம் வயதில்தான் அவர் கையில் கிடைத்தது.

பெற்றோர் அஞ்ச வேண்டா. கோழிக்கறி உண்பதால் சார்கோமா வராது; மனிதருக்கு வரும் சார்கோமாவுக்கு இந்நச்சுயிரி காரணமன்று.

கதையின் வியப்பான பகுதி 1976-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிஷப், வார்மஸ் குழுவினர் அந்நச்சுயிரியின் 'சார்க்' மரபணுவைத் தேடியபோது, நோயற்ற கோழியின் உயிரணுவிலேயே அதன் மூலம் இருக்கக் கண்டனர். எப்போதோ கோழியிடமிருந்து நச்சுயிரி திருடிச் சென்ற மரபணு அது. பின்னர் மனிதரிடமும் அதன் இணை காணப்பட்டது. பகைவன் வெளியிலிருந்து வந்தான் என்று எண்ணியிருந்தோம். அவன் வீட்டுப் பிள்ளை.

இன்று இப்பணியைச் சுண்டெலிகள் சுமக்கின்றன. இளையோரை அதிகம் தாக்கும் சைனோவியல் சார்கோமாவில் இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்கின்றன. 2007-இல் யூட்டாவில் கப்பெக்கி குழுவினர் அந்த ஒட்டு மரபணுவைச் சுண்டெலியில் இயக்கினர். முதிராத தசையணுக்களில் இயக்கியபோது கட்டி தோன்றியது. முதிர்ந்த தசையணுக்களில் இயக்கியபோது தசை நலிந்ததே தவிரக் கட்டி தோன்றவில்லை. நோய் எந்த அணுவில் பிறக்கக்கூடும் என்பதற்குக் கிடைத்த அரிய தடயம் இது. நோயாளியிடமிருந்து அகற்றிய கட்டியில் இதனைக் கண்டிருக்க இயலாது. அங்கே தொடக்கம் எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

மாணவி முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தக் கோழி பிழைத்ததா, ஐயா?" என்றாள். இல்லை என்றேன். "குணப்படுத்தத்தானே கொண்டு வந்திருப்பார்கள்?" என்றாள். மணி அடித்தது. நான் இன்னும் அவளுக்கு விடை சொல்லவில்லை.