காந்தா: வங்க மகளிரின் துணிக் களஞ்சியம்

கந்தை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு வறுமையே நினைவுக்கு வருகிறது. வடமொழியில் கந்தா என்பது துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வைக்குப் பெயர். துறவிகள் அதனை உடுத்தினர். நம் அகராதிகள் கந்தை என்ற சொல்லை அதனோடு இணைத்தே காட்டுகின்றன. அதே சொல் வங்க மொழியில் காந்தா என வழங்குகிறது. ஆனால் அங்கே அது இழிவுக்குரிய பொருளன்று. பிறந்த குழந்தையைப் பொதிவதற்கும், மாப்பிள்ளையை அமர்த்துவதற்கும், நூல்களைச் சுற்றி வைப்பதற்கும் உரிய கைவேலைப் பொருளுக்கு அதுவே பெயராயிற்று. கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் நம்மவர், கண்காட்சிகளிலும் கடைகளிலும் இதனைப் பார்த்திருக்கக்கூடும். கடையில் கிடைக்கும் காந்தா பெரும்பாலும் புதுத்துணியில் தைத்தது. பழைய காந்தாவின் வரலாறோ பழந்துணியைச் சேர்த்து வைத்ததன் வரலாறாகும்.

வங்க கிராமத்துப் பெண் காந்தா தைப்பதற்கென்று துணி வாங்கவில்லை. வீட்டார் உடுத்துக் கழித்த சேலைகளும் வேட்டிகளுமே அவளுடைய சரக்கு. குளிர்காலப் போர்வையான லேப்புக்கு ஐந்தாறு அடுக்குகள்கூட வேண்டியிருக்கும். அத்தனை துணி ஒரு நாளில் சேர்ந்துவிடாது. ஒவ்வொன்றாக இற்றுப் போகப் போக, அதனைத் துவைத்து, உலர்த்தி, மடித்து ஒதுக்கி வைத்துக் காத்திருப்பாள். சேர்ந்தவற்றைத் தரம் பிரிப்பதில்தான் அவளுடைய அறிவு வெளிப்பட்டது. வலுக் குறையாத வெள்ளைத் துணி மேலும் கீழும் அமையும். நைந்ததும் கறைபட்டதும் பெரும்பாலும் நடுவே மறையும். கரைகளைத் தனியே எடுத்து, அவற்றிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை ஒவ்வொன்றாக உருவித் தையல் நூலாக்கிக்கொள்வாள். ஆக, சேலையின் உடல் போர்வையாயிற்று, கரை சித்திரமாயிற்று. இந்தச் சிக்கனத்திற்கு ஈடான ஒன்றை நாம் பிற கைத்தொழில்களில் எளிதில் காண்பதற்கில்லை.

பழந்துணியை நாடியது ஏழ்மையால் மட்டுமன்று. பல நூறு முறை துவைத்த பருத்தி மெத்தென்றிருக்கும். ஊசி தடையின்றி அதில் இறங்கும். பிஞ்சு உடலையும் அது உறுத்தாது. குழந்தைக்குப் பழம்புடவையில் தூளி கட்டும் நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பழையது கண்ணேறு படாமல் காக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

தைக்கும் முறையிலேயே சேமிப்பும் அடங்கியிருந்தது. துணிகளை வேண்டிய அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, ஓரங்களில் பாரம் வைத்துச் சுருக்கம் நீக்குவர். நான்கு விளிம்புகளையும் தைத்து, குறுக்கே இரண்டு மூன்று வரிசை நெட்டோட்டம் போட்டுவிட்டால் அடுக்குகள் நகரமாட்டா. அதன்பின் மடித்து எடுத்து வைக்கலாம். வேலை ஓய்ந்த பிற்பகல்களில் விரித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு காந்தா முடிய மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். கிழிந்துபோன காந்தாவின்மேல் மீண்டும் ஒரு சேலையைப் போர்த்தித் தைப்பதும் உண்டு. ஆகையால் தையல் பிரிந்த ஒரு பழங்காந்தாவின் உள்ளே, அந்த வீட்டார் முன்னர் உடுத்த துணிகளை அடுக்கடுக்காகக் காண முடிகிறது. பேட்டன் என்ற சதுரக் காந்தா நூல்களைப் பொதியவும், ஆர்ஷிலதா கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைக்கவும், மூன்று மூலைகளை உள்ளே மடித்துத் தைத்த துர்ஜனி பணம் வைக்கவும் பயன்பட்டன. துணியைக் காத்தவர்கள் அத்துணியைக் கொண்டே பிறவற்றையும் காத்தனர் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் வங்காளத்துச் சாத்காவ் பகுதியிலிருந்து பருத்தியின்மீது தசர்ப் பட்டால் தைத்த போர்வைகளை வாங்கிச் சென்றனர். விற்பனைக்கென்று செய்த அப்போர்வைகளுள் சில இன்றும் லிஸ்பன் அருங்காட்சியகத்தில் உள்ளன. வீட்டுக்கென்று செய்த காந்தாக்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை அரிதினும் அரிது. அவை கடைசி இழை வரையில் பயன்பட்டுத் தீர்ந்தன.

எஞ்சியவை மறைவதற்கு முன் அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் குருசதய தத்தர் (1882–1941). சில்ஹெட் மாவட்டத்தில் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றி, 1932-இல் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவர். மாவட்டந்தோறும் பணி நிமித்தம் சென்ற இடங்களிலெல்லாம் படச் சுருள்களையும் பொம்மைகளையும் காந்தாக்களையும் திரட்டினார். குல்னா மாவட்டத்து மானதாசுந்தரி தாசி தம் தந்தைக்காகத் தைத்த காந்தா அத்தொகுப்பின் புகழ்பெற்ற பொருள். அதில் அவர் தம் பெயரையும் தைத்திருக்கிறார். பெயர் பொறிக்காமல் போனவர்களே மிகுதியாதலின், அந்த ஒரு வரித் தையலுக்கு உள்ள மதிப்பு தனி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரும் காந்தாக்களைச் சேர்த்தார்; 1939-இல் அவற்றைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1950-இல் அவர் அமெரிக்கா சென்றார். அவருடைய காந்தாக்கள் இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

1947-இல் நாடு பிரிந்தபோது, காந்தாவுக்குப் பேர்போன ஜசோர், குல்னா, பரீத்பூர், மைமன்சிங் ஆகியவை எல்லைக்கு அப்பால் சென்றன. தத்தர் திரட்டியதைப் போன்ற ஒரு தொகுப்பை அதன்பின் இந்தியாவிலிருந்து எவரும் திரட்டியிருக்க முடியாது. அவருடைய சேகரம் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், 1963-இல் திறக்கப்பெற்ற குருசதய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் மானியம் 2017-இல் நின்றது. பொருள்களின் பாதுகாப்பைப்பற்றிய கவலை அப்போது செய்தித்தாள்களில் வெளிவந்தது. வங்காளத்தின் ஈரக்காற்று மானியத்துக்காகக் காத்திருப்பதில்லை. பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் துணியைத் தேடி வரும். வெளிச்சம் சாயத்தை வெளுக்கச் செய்யும். மடிப்புக் கோட்டில் இழை முறியும்.

ஒற்றைத் துணியாயின் உருளையில் சுருட்டி வைக்கலாம். காந்தாவை அவ்வாறு சுருட்டினால் உள் அடுக்கு கசங்கி மேலடுக்கு இழுபடும். ஆதலின் தட்டையாகக் கிடத்துவதே நன்று. அதற்கு அகன்ற இழுப்பறை வேண்டும், இடம் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும். இடமின்றி மடிக்க நேர்ந்தால், மடிப்பினுள் துவைத்த மல் துணியைத் திரியாகச் சுருட்டி வைத்து, கூர்மையான கோடு விழாமல் செய்வர். ஞெகிழி உறை ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துமாதலால் அதனைத் தவிர்ப்பர். சில மாதங்களுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, பூச்சி உண்டா என்று பார்த்து, முன்பு மடிந்த கோட்டை விட்டு வேறு கோட்டில் மடித்து வைப்பர். நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் கூறைப்புடவையை நிழலில் உலர விட்டு மடிப்பை மாற்றி வைக்கிறோமே, அந்த முறைதான் இது.